சிசிலியா வாய் திறக்காத நாட்கள்

போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே சிசிலியா வீட்டு முன்னறை ஜன்னல். நடுவில் இரண்டு வாழையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். அவர்கள் குடிவந்த புதிதில், காலையில் நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது பார்த்தால் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேசைக்கடியில் கால் தாளம் போடும். மத்தியானம் சாப்பிட வந்தால் அதே ஹெட்போன், அதே தாளம். நான் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வெயிலில் இரும்போடு இரும்பாக வெந்துவிட்டு வருகிற மனுஷனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

அவள் புருஷன் பென்னியிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன், உன் பெண்டாட்டி நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறாளே, வீட்டில் சோறு யார் ஆக்குகிறது என்று. பென்னி படகு இன்ஜின் மெக்கானிக், சாதுவான ஆள். சிரித்துக்கொண்டே என்னை உள்ளே கூப்பிட்டுப் போய்க் காட்டினான். மேசைக்கடியில் தையல் மெஷின் மிதி மாதிரி ஒன்று கிடந்தது. அழுத்தினால் அவள் காதில் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவு செய்வதை இவள் இங்கே உட்கார்ந்து கேட்டு டைப் அடித்து அனுப்புகிறாளாம். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்றான். அந்தப் பேர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று.

அன்றைக்கு ஹெட்போனை வாங்கி நானும் காதில் வைத்துப் பார்த்தேன். அடேயப்பா, ஒரு டாக்டர் ரயில் போகிற வேகத்தில் பேசுகிறார், நடுவில் இருமுகிறார், யாரிடமோ காபி கேட்கிறார், மறுபடியும் பேசுகிறார். எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. இவள் விரல் அது பாட்டுக்கு ஓடுகிறது. கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் ஒரு போட்டோ அனுப்புவதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். இப்போது மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியே அவள் முன்னறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ருக்குவிடம் போய்ச் சொன்னேன். ருக்கு என் மனைவி. அவளுக்கும் சிசிலியாவுக்கும் ஏற்கெனவே நல்ல சிநேகம்.

ருக்குவுக்கு ஊர்க்கதை என்றால் உயிர். இன்றைக்கு யாருக்கு என்ன நோய், எந்த ஊர்க்காரர் என்று துருவிப் பார்ப்பாள். சிசிலியா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அந்தப் பேச்சிலேயே சிரித்துக்கொண்டு தட்டிவிடுவாள்.

"அது ஆஸ்பத்திரிப் பேச்சு மைனி. நாம நம்ம பேச்சப் பேசுவோம்."

கொஞ்சம் தலைக்கனம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நம்மிடம் சொன்னால் குடியா முழுகிவிடும்?

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ருக்குவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. இங்கே காட்டினோம், மெயின்லேண்ட் போய்விடுங்கள் என்றார்கள். விமானம் ஏறிச் சென்னைக்குப் போனோம். போன இடம் சிசிலியா வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி. கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். புற்றா இல்லையா என்று ரிப்போர்ட் வந்ததும் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு அவரே போன் பண்ணுவார் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு லீவு முடிந்துவிட்டது. திரும்பி வந்து காத்திருந்தோம்.

காத்திருப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பல் வராவிட்டால் வெங்காயத்துக்குக் காத்திருப்போம், அது வேறு. ருக்கு வேளைக்கு இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். போன் அடித்தால் அவள் எடுக்க மாட்டாள், நான்தான் எடுக்க வேண்டும். ஏதோ கம்பெனிக்காரன் கடன் வேண்டுமா என்று கேட்பான். அவனை நான் இந்தியில் திட்டுவேன். எனக்குக் கோபம் வந்தால் இந்தி வந்துவிடும், ஹார்பரில் பழகின பழக்கம்.

இதற்குள் நடந்த ஒன்று எனக்குப் பின்னால்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சதைத் துணுக்கைப் பார்த்து ரிப்போர்ட் சொல்கிற டாக்டருக்கு ஒரு பழக்கம். மற்றவர்கள் நோயாளி பெயரை முதலில் சொல்லித் தொடங்குவார்கள். இவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, முடிவையும் சொல்லிவிட்டு, கடைசியில்தான் பெயரும் ஊரும் சொல்வார். முதலில் சொன்னால், டைப் அடிக்கிறவர்கள் தெரிந்த ஆள் என்று ஃபைலை வேறு ஆளிடம் தள்ளிவிடலாம். ஒரு வெள்ளிக்கிழமை சிசிலியா அப்படி ஒரு ரிப்போர்ட்டை முழுசாக அடித்து முடித்து, கடைசி வரிக்கு மிதியை அழுத்தினாள். ருக்மணி உதயசூரியன், போர்ட் பிளேர் என்று காதில் விழுந்தது. கால் அப்படியே நின்றுவிட்டதாம். நிமிர்ந்து பார்த்தால் எதிர் ஜன்னலில் ருக்கு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

வேலையில் தனக்கு மேலே இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறாள். முடித்ததை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பிவிட்டாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் அந்தச் சமயம் பார்த்து வெளியூர் போயிருந்தார். அவர் பார்க்காமல் எங்களுக்குச் சேதி வராது. அந்த நாட்களில் சிசிலியா எப்படி இருந்தாள் என்று பிறகு நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். சூரை மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். உப்புக் குறைவா அண்ணாச்சி என்று என்னிடம் கேட்டாள். ருக்குவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். சனிக்கிழமை ருக்கு அவளிடம், நீயும் என்கூட உட்கார்ந்து உன் மாதாவிடம் வேண்டிக்கொள்ளேன் என்று அழுதபோது, சிசிலியா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் போன் பண்ணினார். புற்று இல்லை, சாதாரணக் கட்டி, பயப்பட வேண்டாம். ருக்கு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். கடைக்கு ஓடி லட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சிசிலியா வீட்டுக்குப் போனோம். ருக்கு அவளைக் கட்டிக்கொண்டு, எல்லாம் உன் ஜெபம்தான் சிசிலி என்றாள்.

சிசிலியா லட்டைக் கையில் வாங்கவில்லை. "மைனி, என் ஜெபம்னு சொல்லாதீங்க. அந்த ரிப்போர்ட்ட டைப் பண்ணதே நாந்தான். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்ச பொறவு எப்படி வேண்டுவேன்? மாதாகிட்ட நடிக்க முடியுமா?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கெட்ட சேதியை மறைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நல்ல சேதியை வைத்துக்கொண்டு, ருக்கு துடிப்பதைப் பார்த்துக்கொண்டே தலை வாரிவிட்டிருக்கிறாளே. நீ மனுஷிதானா என்று இந்தியில் கத்தினேன். அவள் சோறு தின்னாமல் கிடந்தாளே, ஒரு வார்த்தை வேண்டாம், ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதாதா என்றேன். பென்னி ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். சிசிலியா அழுதுகொண்டேதான் பேசினாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நல்லதுன்னு தெரிஞ்சு சொல்லிட்டேன்னு வைங்க அண்ணாச்சி. நாளைக்கு இன்னொரு வீட்டு ரிப்போர்ட் வரும். அது கெட்டதா இருந்து நான் பேசாம இருந்தா, நான் பேசாம இருக்கதே அவங்களுக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்லா. டாக்டர் வாயால வர வேண்டியது என் மூஞ்சியில வரக் கூடாது."

நான் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். லட்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று ருக்கு இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்த ஜன்னல் பக்கமே நான் திரும்பவில்லை. ருக்குவுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சனிக்கெழம அவ என் கையப் புடிச்சிருந்தப்ப அவ கை நடுங்குச்சு. நமக்காகப் பயப்படுறான்னு நெனச்சேன். சந்தோசத்தப் போட்டு அமுக்கி வச்சிருந்திருக்கா பாவி."

துக்கத்தை மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே மறைத்திருக்கிறேன். உயிரான சிநேகிதி பிழைத்துவிட்டாள் என்கிற சந்தோஷத்தை யாராவது மறைப்பார்களா? நம்மால் ஒரு மணி நேரம் முடியுமா? கிரேனில் பாரத்தைத் தூக்குவது பெரிய வேலை இல்லை. கீழே ஆட்கள் நிற்கும்போது அதை ஆடாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. என்னால் அதைச் செய்ய முடியும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இந்தப் பெண் குழம்புக் கிண்ணத்தோடு என் வாசலில் நின்று உப்புக் குறைவா என்று கேட்டாளே, அந்த முகத்தை நினைக்கும்போது என் கர்வமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மறுநாள் நானே போய், தங்கச்சி, டீ இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு அண்ணாச்சி, உக்காருங்க என்றாள். உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் ருக்குவின் கழுத்தில் மறுபக்கம் இன்னொரு கட்டி வந்திருக்கிறது. அது கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. அதே ஆஸ்பத்திரி, துணுக்கைப் பார்த்துச் சொல்வதும் அதே டாக்டர். துணுக்கு எடுக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அது சிசிலியா காதுக்கு வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா, வேறு யாருக்காவது போயிற்றா, எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

இன்று காலை நான் டியூட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்ற ருக்கு, தான் ஜன்னலைப் பார்க்காமல், சிசிலி முகம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்றாள். எட்டிப் பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எப்போதும் போல ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த முகத்திலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது.

"எப்பவும் போலத்தான் இருக்கு," என்றேன்.

"அப்ப நல்லதாவும் இருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு ருக்கு அடுப்பை அணைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சிசிலியாவோடு பேசிவிட்டு வரப் போனாள்.