திறப்பு விழா அன்று நின்றுபோன நெட்வொர்க்

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். ராஜபாளையம் போகும் வழியில், மலையைப் பார்த்தபடி இருந்த ஒரு கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் ஆசிரியையாக வேலை பார்த்தேன். ஏதோ பெரிய துறை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் என் தோழியும்தான் அந்தத் துறையே.

அந்த வருஷம் கல்லூரிக் கட்டடங்களை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இணைப்பது என்று முடிவானது. மதுரையிலிருந்து ஒரு கம்பெனியைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, நேராக முதல்வர் அறைக்குப் போய், "நாங்களே செய்யுறோம் சார்" என்று சொல்லிவிட்டோம். வெளியே வந்த பிறகுதான் அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது.

முதல்வர் நல்ல மனிதர். ஆனால் காரியத்தில் கறார். "முதல்ல லேபையும் லைப்ரரியையும் இணைச்சுக் காட்டுங்கம்மா. திறப்பு விழா அன்னைக்கு ஓடுச்சுன்னா மிச்ச காலேஜ் முழுக்க உங்க கையில. ஓடலைன்னா மதுரைக்காரங்க வந்துருவாங்க. பொறவு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார்.

அதற்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ரெண்டு பொம்பளைப் புள்ளைகள் ஏணி போட்டு ஒயர் இழுக்கப் போகிறார்களாம் என்று ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாங்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினோம்.

மதுரையில் ஒருவரிடம் இரவல் வாங்கிய தலையணை மொத்தப் புத்தகம்தான் எங்கள் குரு. ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் எட்டுச் சின்னக் கம்பிகள். அவற்றை நிறம் மாறாமல் வரிசையாக அடுக்கி, முனையில் ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடியை வைத்து அழுத்த வேண்டும். ஒரு கம்பி இடம் மாறினால் போச்சு. நாங்கள் வீணாக்கிய மூடிகளைக் கோத்திருந்தால் ஆளுக்கு ஒரு மாலை தேறியிருக்கும். தோழி பஸ்ஸில் கூட வாய்விட்டு மனப்பாடம் செய்வாள். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்..." ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண்மணி பொறுக்க முடியாமல், "பிளவுஸ் பிட்டு எடுக்கவா போறீக? அம்புட்டுக் கலரும் ஒரே சேலைக்கா?" என்று கேட்டுவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோழி, வந்த கோபத்தில் தன் வீட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள்.

அதுவரை லேபில் இருந்தது ஹப் என்ற பழைய பெட்டி. அது திருவிழா மைக் மாதிரி. ஒருவருக்குச் சொல்வதை ஊருக்கே சொல்லும். புதிதாக வந்த ஸ்விட்ச் அப்படியில்லை. தபால்காரர் மாதிரி உரிய வீட்டில் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும். லேபில் ஒன்று, நூலகத்தில் ஒன்று என்று இரண்டு ஸ்விட்சுகள். நடுவில் மைதான ஓரமாகப் போகும் கேபிளைக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு சுவராக அடித்தோம். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து இறங்கும் குரங்குகளுக்குத் தொங்குகிற எதைக் கண்டாலும் ஊஞ்சல்தான். எல்லாம் முடிந்து, நூலகத்துக் கம்ப்யூட்டர் லேப் கம்ப்யூட்டருக்கு முதல்முறையாகப் பதில் கொடுத்த சாயங்காலம், அரைக் கிலோ பால்கோவாவை நாங்கள் இரண்டு பேரே தின்று தீர்த்தோம். அவ்வளவு சந்தோஷம்.

திறப்பு விழா நாள் வந்தது. காலையில் எல்லாவற்றையும் சோதித்தோம். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பட்டுச்சேலை சரசரக்க வாசலுக்குப் போய்ச் சந்தனமும் கல்கண்டும் நீட்டிச் சிறப்பு விருந்தினரை வரவேற்றோம். அவர் ராஜபாளையத்தில் மில் நடத்துகிறவர். அவரை நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். நான் லேபிலிருந்து ‘வணக்கம்’ என்று அடித்து அனுப்ப வேண்டும், அவர் அங்கே அதைப் பார்த்ததும் கைதட்டல். இதுதான் ஏற்பாடு.

அடித்தேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். ம்ஹூம். திரும்பிப் பார்த்தால் ஸ்விட்சில் இருந்த விளக்குகள் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து பைத்தியம் பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. அணைத்துப் போட்டேன். செத்த நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடியும் அதே ஆட்டம். தோழி, "கொரங்குதான்! கொரங்குதான் கடிச்சிருக்கும்!" என்று கத்திக்கொண்டே பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தில் ஓடினாள். வாட்ச்மேன் கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். குழாயில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கென்று பார்த்துக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குரங்கும் இல்லை.

முதல்வர் நூலகத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார். முகம் சிவந்திருந்தது. "காலையில ஓடுச்சுன்னு சொன்னீங்களேம்மா? யாரு உள்ள வந்தது? யாரு இதுல கை வச்சது?" என்று சத்தம் போட்டார். லேப் வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் மாறி மாறி, "நான் இல்ல சார்" என்றார்கள். மதுரைக்காரர்கள் லேபுக்குள் ஏணியோடு நுழைவது எனக்குக் கண்ணிலேயே தெரிந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அக்கா முன்னால் வந்தார். லேபைக் கூட்டிப் பெருக்குகிறவர். பக்கத்து ஊரான மம்சாபுரத்துக்காரர். பல வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு, அது மூடியதும் எங்கள் கல்லூரிக்கு வந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருந்தும் முதல்வரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"நாந்தேன் சார். டீச்சருக வாசலுக்குப் போன பொறவு கூட்டும்போது பாத்தேன், ஒயரு ஒண்ணு அத்துத் தொங்குச்சு. விழா நாளும் அதுவுமா இப்படிக் கெடக்கேன்னு, பொட்டியில காலியா இருந்த ஓட்டையில சொருகிவிட்டேன். மில்லுல இழை அறுந்தா பாத்துக்கிட்டு நிக்கமாட்டோம், ஓடிப்போய் ஒட்டிருவோம். கை தன்னால போயிருச்சு. டொக்குன்னு வேற உக்காந்துச்சா, சரியாத்தேன் இருக்குன்னு நெனச்சேன்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அது அறுந்த ஒயரே இல்லை. எந்தக் கம்ப்யூட்டரையும் சோதிப்பதற்காக, ஒரு முனையை ஸ்விட்சில் சொருகி மறுமுனையை நாங்கள் வேண்டுமென்றே தொங்கவிட்டிருந்த கேபிள். இப்போது இரண்டு முனையும் ஒரே பெட்டியில். தபால்காரர் ஒரு வாசல் வழியே வெளியே போய், இன்னொரு வாசல் வழியே அதே வீட்டுக்குள் வந்து, மறுபடி வெளியே போய்... கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. இப்படி யார் செய்யப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டியிருந்தோம்.

பிடுங்கினேன். விளக்குகள் நல்ல பிள்ளைகளாக அமைதியாயின. ‘வணக்கம்’ என்று அடித்தேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம், நூலகத்தில் கைதட்டல் கேட்டது. நானும் தோழியும் கட்டிப்பிடித்துக்கொண்டு முதல்வர் முன்னாலேயே குதித்தோம்.

முதல்வர் மட்டும் அக்காவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். நான், "அக்கா சொல்லலைன்னா நாம இன்னும் கொரங்கத் தேடிக்கிட்டுத்தான் சார் இருப்போம்" என்றேன். நடந்தது என்னவென்று அறிய வந்த விருந்தினர் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூர்க் கையி சார் அது. அறுந்த இழையப் பாத்தா சும்மா இருக்குமா?" என்றார். முதல்வருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

மிச்சக் கல்லூரியும் எங்கள் கைக்கே வந்தது. அடுத்து வாங்கிய ஸ்விட்சுகள், இப்படி யாராவது சொருகினால் தானே கண்டுபிடித்து அந்த ஓட்டையை அடைத்துவிடும் வகை. பயன்படாத ஓட்டைகளை எல்லாம் வேலை செய்யாதபடி மூடிவைக்கவும் கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்டு வைத்த அலமாரி செய்யச் சொன்னார் முதல்வர். செய்து முடித்ததும், சாவி யாரிடம் இருக்கட்டும் என்று கேட்டார்.

தோழி கொஞ்சமும் யோசிக்காமல், "அக்காகிட்ட" என்றாள்.

"ஏம்மா, தப்பு பண்ணுனவங்ககிட்டயா?"

"தப்ப ஒத்துக்கிட்டவககிட்ட சார்."

முதல்வரே அக்காவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் நெட்வொர்க் அமைத்துவிட்டேன், எத்தனையோ பூட்டுகளும் பாஸ்வேர்டுகளும் போட்டுவிட்டேன்; ஆனால் எங்கே எது நின்றுபோனாலும் "யார் செய்தது?" என்று மட்டும் நான் சத்தம் போடுவதில்லை, ஏனென்றால் "நாந்தேன்" என்று பயப்படாமல் முன்னால் வர ஒரு ஆள் இருக்கிற இடம்தான் பத்திரமான இடம் என்பதை அந்த அக்காவிடம் கண்ணாரப் பார்த்தவள் நான்.