சம்பந்தி வந்தபோது காயாத கதவு

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தோணி அண்ணன், கோயில் பழக்கம். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் குரல் இன்னும் பெறவில்லை.

"பிலோமினா, வாசக்கதவு தொறக்க மாட்டேங்குதும்மா."

"ஆசாரியக் கூப்புடுங்கண்ணா."

"உங்க கடை பெயிண்ட்டுதான் புடிச்சினு இருக்குது. மாப்ள வீட்டுக்காரங்க வெளிய வெயில்ல நிக்கிறாங்க. சீக்கிரம் வா."

செஞ்சி பஜாரில் பெயிண்ட் கடை கவுண்டரில் நின்றே எனக்குத் தலை நரைத்தது. கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் நின்றால் ஊர்க்காரர்களின் குணமெல்லாம் தெரிந்துவிடும். அதில் ஒரு ரகம், தன் வீட்டு வாசக்கதவுக்குத் தானே பெயிண்ட் அடிக்கப் போகிறவர். சந்தேகம் கேட்க வரமாட்டார். வீடியோ பார்த்துப் பட்டமே வாங்கிக்கொண்டு வருவார்.

அந்த வாரம் அந்தோணி அண்ணன் அப்படித்தான் வந்தார். போனில் ஏதோ வெளிநாட்டு வீட்டின் நீலக் கதவைக் காட்டினார்.

"இதே நீலம் கலக்கிக் குடு. நானே அடிச்சிக்கிறேன்."

"பழைய கதவாச்சேண்ணா. உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சிட்டு, பிரைமர் ஒரு கோட் குடுத்து..."

"பிரைமருன்றதெல்லாம் நீங்க வியாபாரத்துக்கு சொல்றது. வீடியோல வெள்ளக்காரன் அடிக்கவேயில்ல."

வெள்ளைக்காரன் வீட்டில் தினமும் மீன் வறுத்துக் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறதா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. "மெல்லிசா அடிங்க. காயற வரைக்கும் கதவ தொறந்தே வைங்க" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். ஸ்டாப் இல்லாத இடத்தில் இறக்கிவிடச் சொன்னால் ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. மகள் ஸ்டெல்லாவைப் பார்க்க முன்பு வந்தவர்கள், தெருவில் நின்றபடியே "வாசலே இப்பிடி இருக்குதே" என்று பேசிக்கொண்டார்களாம். காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான். அந்தப் பேச்சு ஸ்டெல்லாவின் காதிலும் விழுந்திருக்கிறது. இந்த முறை மாப்பிள்ளை வீட்டார் வாசலைக் குறை சொல்லக்கூடாது என்று அண்ணனுக்கு வைராக்கியம். பெயிண்டரோ அடுத்த வாரம்தான் வருவேன் என்றுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கதவு, நிலை, இடுக்கு என்று எதையும் விடாமல் தடித்தடியாக அப்பியிருக்கிறார். அப்புறம்தான் ஞானோதயம். வீடு கோட்டை மலையடிவாரத்தில் இருக்கிறது. வாசலைத் திறந்து வைத்தால் கோட்டைக் குரங்குகள் சமையல்கட்டு வரைக்கும் வந்து குடும்பம் நடத்தும். அதனால் அந்தத் தெருவில் யாரும் கதவைத் திறந்து வைப்பதில்லை. ஈரத்தோடு ஈரமாக இவரும் சாத்தித் தாழ்போட்டுவிட்டார். காலையில், தொட்டால் கெட்டுவிடும் என்று, முதல் பூசைக்குக்கூட எல்லோரும் பின்பக்கமாகவே போய் வந்திருக்கிறார்கள். ராத்திரிக்குள் கதவும் நிலையும் ஒன்றாகிவிட்டது யாருக்கும் தெரியவில்லை.

கடையைத் திறந்து பட்டி பிளேடு, டர்பன்டைன், கொஞ்சம் வேஸ்ட் துணி எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டுப்புடவைகளும் பழத்தட்டுகளும் தெருவில் வேர்த்துக்கொண்டு நின்றன. ஜன்னல் வழியாக அண்ணனின் முகம் தெரிந்தது. ஆயுசு முழுக்க படியில் தொங்குபவர்களை "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டியவர், இன்று ஒருத்தரையும் உள்ளே விட முடியாமல் நின்றார்.

"பின்பக்கமா கூட்டினு வரலாமே" என்றேன்.

"சம்பந்தி வர்ற வழியாம்மா அது? ஆடு கட்டியிருக்குது."

மாப்பிள்ளையின் அம்மா, "மொத தடவ வர்றோம், கதவே வாணான்னுது" என்று காதில் விழும்படி சொன்னார். உள்ளே அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். பிளேடைக் கையில் எடுத்தேன். கலக்கிக் கொடுத்தது நானாயிற்றே.

இடுக்கில் பிளேடு விட்டுச் சுற்றிலும் அறுத்தேன். "மெதுவா" என்று நான் சொல்வதற்குள் மாப்பிள்ளைப் பையன் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். கதவு திறந்தது. பையன் கூடத்தில் போய் நின்றார். உள்ளங்கை இரண்டும் வெளிநாட்டு நீலம்.

"யாரு அடிச்சது இந்தக் கதவ?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

அண்ணன் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். "பெயிண்டருங்க. சரியான ஆளு கெடைக்கல."

நான் பையனிடம் வேஸ்ட் துணியை நீட்டினேன். டர்பன்டைனில் கை துடைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைக் கவனித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"அந்தப் பெயிண்டர் நகத்துல இன்னும் நீலம் போவலியே, மாமா."

உள் அறையிலிருந்து ஸ்டெல்லா சிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் மானம் போனதைக் கவனிக்கவே இல்லை. கடைசி வார்த்தை மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், அங்கேயும் நீலம். மாப்பிள்ளையின் அம்மா மகனை ஒரு முறை முறைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கல்யாணம் நடந்தது. அண்ணன் இப்போது எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பிரைமரின் அருமையை எடுத்துச் சொல்கிறார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெயிண்ட் காயும் வரை கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். குரங்கு உள்ளே வந்தால் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். வெளியே நின்ற சம்பந்தியம்மா, பேரன் ஞானஸ்நான விருந்தில்கூட அந்த வெயிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.