பின்னால் அடுக்கிய மூடைகள்

எங்கள் டிராக்டரை நான்தான் ஓட்டுகிறேன். போன அறுவடையில் விருதுநகர் கமிஷன் கடைக்கு மக்காச்சோளம் கிளம்பியது. இறக்கச் சுலபமென்று, இருபது மூடைகளையும் இரண்டு சக்கர டிரெய்லரின் பின்பக்கமே அடுக்கினார் லோடுமேன். நானும் அப்படியே வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

கண்மாய்க்கரை ஏற்றத்தில் டிரெய்லர் பின்னால் சாய்ந்து, டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கியது. சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுற்ற, வண்டி பின்னோக்கிச் சறுக்கியது. ஒரு கருவேல மரம்தான் தடுத்தது.

மூடைமேலிருந்து குதித்த லோடுமேன், "பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்" என்றார்.

"நீங்க அடுக்குன லட்சணம் அப்பிடி அண்ணாச்சி. பாதிக்கு மேல முன்னால மாத்துங்க, நானே ஏத்திக் காட்டுறேன்" என்றேன். மாற்றினார், ஏற்றிக் காட்டினேன்.

இப்போது டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் பாரம் சற்றுக் கூடுதலாக இல்லாவிட்டால் நான் சாவியே போடுவதில்லை. "இறக்க நேரமாகுமே" என்று யாராவது முனகினால், "மொதல்ல போய்ச் சேரணும்ல?" என்பேன்.