சூடாமணியின் நேரான கால்

சூடாமணிக்குக் கால் பெரிது. மயிலாப்பூர்க் கடைகளில் பெண்களுக்கென்று விற்ற எந்தச் செருப்பிலும் அவள் குதிகால் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில், வாசலில் கிடந்த அவள் செருப்பைப் பார்த்துவிட்டு, "ஆம்பளை யாராவது வந்திருக்காளா?" என்று கேட்டான் பரத்வாஜ். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு விருந்தாளிகள் வந்தபோதெல்லாம் அவன் அதையே கேட்டான். அவள்தான் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பரத்வாஜ் கிண்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். சிறிய உடம்பு, சிறிய கால். சூடாமணி ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மந்தைவெளியில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. ஹம்சினி என்று ஒரே பெண்.

தொண்ணூற்றைந்தில் கம்பெனி அவனை ஆறு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. போகும்போது இன்ஜினீயராகப் போனவன், வரும்போது ஓட்டக்காரனாக வந்தான். பெட்டியில் இரண்டு ஜோடி ஷூ இருந்தது. ஒன்று பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. இன்னொன்று விறைப்பாக, பாதத்தின் உள்பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் கெட்டியாக எதையோ வைத்துத் தைத்தது.

"நீயும் ஓடணும்" என்றான். "ஹம்சினி பொறந்ததுலேர்ந்து உன்னைப் பக்கத்துல வெச்சுண்டு நடக்க முடியலை."

குளியலறையில் அவள் காலை நனைக்கச் சொல்லி, பழைய செய்தித்தாளில் மிதிக்கச் சொன்னான். ஈரத்தடத்தைக் குனிந்து பார்த்தான். "தட்டைக் கால். உள்பக்கமா சாயறது. உங்காத்துல எல்லாருக்குமே கோணல்தானே" என்று கெட்டி ஷூவை அவள் முன்னால் போட்டான். அளவு சரியாக இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்பதைப் பற்றி மட்டும் அவன் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு, மயிலாப்பூர்க்காரர்கள் பத்துப் பேர் சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைவரை ஓடுவார்கள். முதல் நாளே பரத்வாஜ் அவளை அறிமுகப்படுத்தினான். "என் ஆத்துக்காரி. ஓட மாட்டா, உருளுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அஃப்சருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. அடையாற்றில் எலும்பு டாக்டர் அவர். ஐம்பது வயதை நெருங்கியவர். தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாருடனும் பேசாமல் ஓடுகிறவர்.

யாரும் எதிர்பாராத விதமாகச் சூடாமணிக்கு ஓட்டம் பிடித்துப் போயிற்று. சுவாசம் அவளுக்குச் சுலபமாக வந்தது. காலைக் காற்றில் யாரும் அவளிடம் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் கிடைத்தது. ஆனால் சில மாதங்களில் முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவது போல ஒரு வலி ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவாள். "கோணல் கால்னா அப்படித்தான் இருக்கும். ஓடு, சரியாயிடும்" என்றான் பரத்வாஜ். ஒன்றரை வருஷம் அவள் வலியோடு ஓடினாள்.

ஒரு ஞாயிறு, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தவளின் ஷூவை அஃப்சருன்னிசா கழற்றச் சொன்னார். வெறுங்காலோடு நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார்.

"யார் வாங்கிக் குடுத்தாங்க இதை?"

"இவர்தான், டாக்டர். எனக்குக் கோணல் கால்னு."

"கோணலா? ஓடறப்போ பாதம் தரையில பட்டதும் கொஞ்சம் உள்பக்கம் சாயும். எல்லாருக்கும்தான். சில பேருக்கு ரொம்ப சாயும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கெட்டி ஷூ. உங்க கால் அளவாத்தான் சாயுது, நேரான கால். இந்த ஷூ அதைப் பிடிச்சு வெளியே தள்ளுது. உங்களுக்கு மெத்துனு இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்."

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தி. நகருக்கு அழைத்துப் போனார். நாள் முழுக்க நின்று கால் சற்று வீங்கியிருக்கும்போதுதான் ஷூ வாங்க வேண்டும் என்றார். பாண்டி பஜாரில் புதிதாகத் திறந்திருந்த வெளிநாட்டு ஷூ கடை. "சாருக்கா மேடம்?" என்று கேட்டார் விற்பனையாளர். "எனக்குத்தான்" என்றாள் சூடாமணி. டாக்டர் ஒவ்வொரு ஷூவையும் எடுத்து, அடிப்பாகத்தின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு பக்கம் கெட்டியாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமுங்கியவற்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. முன்பாதம் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். மூன்றாவது ஜோடியைப் போட்டுக்கொண்டு சூடாமணி கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். முழங்காலில் குத்தவில்லை. புடவையோடு இன்னொரு தடவை ஓடினாள்.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்குத்தான் கால் ரொம்ப உள்ளே விழுது. பின்னாலேர்ந்து பார்த்தாலே தெரியும். அவர் போய் மெத்து மெத்துனு இருக்கறதைப் போட்டுக்கிட்டு ஓடறார். முழங்கால் ஒரு நாள் போயிடும். நான் சொன்னா அவர் கேக்க மாட்டார். நீங்க சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள். சொல்லத்தான் நினைத்தாள்.

வீட்டில் பரத்வாஜ் டப்பாவைத் திறந்து பார்த்தான். "ஏண்டி, ஆம்பளை ஷூ! அந்த டாக்டர் சொன்னாளா? கழுதைக்குக் கொலுசு போட்டா பரதநாட்டியம் ஆடுமா?" ஒரு ஷூவைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் தொம் தொம்மென்று அவளைப் போலவே ஓடிக் காட்டினான். ஹம்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூடாமணி, சிரிக்கும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பின்னால் ஓடியபடி அவன் கணுக்காலைப் பார்ப்பாள். ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே சரிந்தது. பால்கனியில் காய வைக்கும்போது அவன் ஷூவைத் திருப்பிப் பார்ப்பாள். உள்ளோரம் நைந்துகொண்டே வந்தது. சில மாதங்களில் அவனும் முழங்காலைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தான். அவளே தைலம் தடவி விட்டாள்.

"ரெண்டு வாரம் ஓடாம இருந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டான் ஒரு நாள்.

"எதுக்குன்னா? ஓடினாச் சரியாயிடும்னு நீங்கதானே சொல்லுவேள்."

தொண்ணூற்றெட்டு தொடக்கத்தில், ஒரு ஞாயிறு, அடையாற்றுப் பாலத்தின் மேல் அவள் அவனைத் தாண்டிப் போனாள். அதுவரை ஒரு நாளும் தாண்டியதில்லை. பின்னால் வந்த ஒருவர், "சார், மேடம் போறாங்க!" என்று கத்தினார். பரத்வாஜ் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினான். பாலத்தின் இறக்கத்தில் அவன் கால் முறுக்கிக்கொண்டது. விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"சூடா! நில்லுடி! சூடா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடற்கரைவரை ஓடி, கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாள். அதற்குள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் சீழ் வைத்து, மறுபடி திறந்து, கடைசியில் கால் மடங்காமலே போயிற்று. பார்க்க வந்த அஃப்சருன்னிசா, "அப்பவே மேடம்கிட்டச் சொன்னேனே சார், உங்க ஷூவை மாத்தணும்னு" என்று ஆரம்பித்து, சூடாமணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கொண்டுவந்த ஆப்பிள்களை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு சூடாமணியோடு அவர் ஓட வரவில்லை.

"நோக்குத் தெரியுமா?" என்றான் பரத்வாஜ்.

"தெரியும்."

"தெரிஞ்சுண்டே ஓட விட்டிருக்கே."

"ஆமாம்."

அவன் காலை இரண்டு கையாலும் தூக்கித் தலையணைமேல் நகர்த்தி வைத்தான். பிறகு, "நேக்கும்தான் தெரியும்" என்றான். "அமெரிக்காவுல கடைக்காரன் அந்தக் கெட்டி ஷூவை என் காலைப் பார்த்துத்தான் எடுத்துக் குடுத்தான். ஊனக் காலுக்குப் போடறதை நான் போட்டுப்பேனா? பிடிச்சதையும் ஒண்ணு வாங்கிண்டு வந்தேன். கெட்டியை உன் கால்ல மாட்டினேன். உன் தடம் நன்னாத்தான் இருந்தது."

"எனக்கு வலிச்சப்போ?"

"பார்த்துண்டுதான் இருந்தேன்."

அதுவரை சூடாமணிக்குக் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. பாலத்தில் அவன் கூப்பிட்ட குரல் வகுப்பில் கணக்குப் போடும்போதுகூடக் கேட்கும். அன்றைக்கு அது நின்றது. எழுந்து போய் ஆப்பிளைக் கழுவி, நறுக்கி, தானே சாப்பிட்டாள்.

அவர்கள் பிரியவில்லை. அவன் விறைத்த காலோடு, பக்கவாட்டாகத் திரும்பி, மூன்று மாடி இறங்கி ஆபீஸ் போனான், ஏறி வந்தான். மற்றபடி வெளியே போவதில்லை. வருகிறவர்களிடம் பாலத்தில் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

ஹம்சினி ஒரே ஒரு தடவை கேட்டாள். "அப்பா கூப்பிட்டப்போ நீ நின்னிருக்கலாமேம்மா?"

"நின்னிருக்கலாம்" என்றாள் சூடாமணி. அதற்குப் பிறகு ஹம்சினி தன் புத்தகங்களை அப்பாவின் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு சங்கம் நடத்திய பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் சூடாமணிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. கோப்பையோடு வீட்டுக்கு வந்தபோது ஹம்சினி டியூஷனுக்குப் போயிருந்தாள். பரத்வாஜ் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை பேர் ஓடினா?"

"என் வயசுல எட்டுப் பேர்."

"எட்டுக் கிழவிகள்ல மூணாவது" என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி, "தொண்டை வறண்டு போச்சு. குடிக்க ஜலம் கொண்டா" என்றான்.

அவள் கோப்பையை டீவியின் மேல் வைத்தாள். ஷூ முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.