சித்தப்பாவின் சக்கரமும் அம்மாவின் கேக்கும்

சித்தப்பா எங்கள் வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டுக்கொண்டு வந்த சாயங்காலம், திண்டிவனத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து விற்ற வண்டிதான் அது. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். குவைத்திலிருந்து திரும்பி வந்து கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த சித்தப்பா, குடும்பத்துக்கென்று அதை வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்தே அதன் சக்கரங்களைப் பார்த்து அவருக்கு ஒரு குறை. ஆள் கம்பீரமாக இருக்கிறான், காலில் ரப்பர் செருப்பு போட்டிருக்கிறான் என்பார். புதுச்சேரிக்குப் போய் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

புதுச் சக்கரங்கள் வெள்ளித் தாம்பாளம் மாதிரி மின்னின. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எதையும் சாண் போட்டு அளக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய சக்கரத்தில் இரும்பு ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருந்த ரப்பர் என் கைக்கு முழுதாக ஒரு சாண். புதியதில் அரைச் சாண்தான் இருந்தது. சக்கரத்தின் மொத்த உயரம் என்னவோ ஏறக்குறைய அதேதான். ரிம் பெரிதாகி, ரப்பரின் இடத்தைத் தின்றிருந்தது. இதை நான் கண்டுபிடிப்பு போலச் சொன்னபோது, "அதாம்மா ஸ்டைலு" என்று சித்தப்பா என் தலையைத் தட்டினார். பழைய சக்கரங்கள் வீட்டுப் பின்பக்கம் சுவரோரமாக அடுக்கப்பட்டன. ஒன்று மட்டும் உபரிச் சக்கரமாக வண்டியின் பின்கதவிலேயே தொங்கியது.

இதில் அம்மா எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும். அம்மா கேக் செய்வாள். கல்யாணத்துக்கு முன்பு கன்னியர் மடத்து சிஸ்டர்களிடம் கற்றுக்கொண்டது. அந்த வருடம்தான் சொந்தமாக ஓவன் வாங்கி, சொந்தக்காரர்களுக்கு அப்பால் வெளியாட்களுக்கும் செய்து தர ஆரம்பித்திருந்தாள். கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு அவள் செய்த கேக் இதே வண்டியில், பழைய சக்கரத்தில், ஒரு பூ கூட நலுங்காமல் போய்ச் சேர்ந்தது. அடுத்து வல்லத்தில் ஒரு பையன் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்குத் திறந்த பைபிள் வடிவத்தில் கேக் கேட்டார்கள். அம்மா இரண்டு நாள் உழைத்தாள். பக்கங்களின் ஓரத்தில் தங்க நிறக் கோடு வைத்து, நடுவில் நற்கருணைக் கிண்ணம் வரைந்தாள்.

அதுதான் புதுச் சக்கரத்தில் போன முதல் கேக்.

அந்தப் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய பள்ளம் எதிலும் வண்டி விழவில்லை. ஆனால் தார் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகுத்தண்டில் தெரிந்தது. பல் ஆடியது. அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மூடிவிட்டார். வல்லத்தில் அட்டைப்பெட்டியைத் திறந்தபோது பைபிள் சரியாக நடுவில் பிளந்திருந்தது. கிண்ணம் ஒரு பக்கம், அதன் காம்பு இன்னொரு பக்கம். அந்த வீட்டார் நல்லவர்கள். ருசி பிரமாதம் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். அம்மா ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

திரும்பும் வழியில் சித்தப்பாதான் பேசினார். "கிரீமு கொஞ்சம் எளகிப்போச்சி அண்ணி. வெய்யிலு வேற. அடுத்த தபா கெட்டியா போடுங்க."

அம்மா ஜன்னல் வழியாக மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குள் விழுப்புரத்திலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேக்குகள். சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாக. அவற்றை வைக்க, நடுவில் கம்பியும் அதில் மூன்று தட்டுகளும் உள்ள ஸ்டாண்டு ஒன்றை அம்மா தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள். ஆனால் வல்லத்துச் செய்தி காற்றிலேயே விழுப்புரம் போய்விட்டது. கல்யாணப் பெண்ணின் அம்மா போன் செய்தார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கேக் வெட்டும்போது ஊரே பார்க்கும், வேண்டுமானால் புதுச்சேரி பேக்கரியிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றார். அம்மா ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் தவணை கேட்டாள்.

போனை வைத்துவிட்டு நேரே சித்தப்பாவிடம் வந்தாள்.

"தம்பி, பழைய சக்கரத்த மாட்டிக் குடுங்க."

"இன்னா அண்ணி நீங்க! சக்கரம் இன்னா பண்ணும்? அதே வண்டி, அதே ஸ்பிரிங்கு."

"கோட்டக்குப்பத்துக்கும் அதே கிரீமுதான் போட்டேன். அதே வெய்யிலு. மாறுனது உங்க சக்கரம் மட்டுந்தான்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்பினார். எங்கள் வீட்டில் அது, நான் இதில் இல்லை என்பதற்கு அடையாளம்.

அம்மா விடவில்லை. ஒரே ஓவனில், ஒரே மாவில், ஒரே கிரீமில் இரண்டு கேக் செய்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒன்று புதுச் சக்கரத்தில் போகட்டும், இன்னொன்று பழைய சக்கரத்தில். கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஓட்டுவது சித்தப்பாவேதான். "ரெண்டும் ஒடஞ்சா என் கேக்கு மேலதான் தப்பு. அந்தம்மாவுக்கு வேணாம்னு நானே சொல்லிடறேன். ஓவனையும் கட்டிப் பரண்ல போட்டுடறேன்."

ஓவனைக் கட்டிப் போடுவேன் என்றதும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

கேக்கைக் கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பின்பக்கத் தரையில் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டேன். அம்மாவும் அப்பாவும் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. காலையிலேயே பஞ்சர் கடைக்குப் போய் நான்கு டயரிலும் காற்றைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார். காற்று குறைந்தால் டயர் மெத்தை மாதிரி ஆகிவிடும் என்பது அவருடைய கணக்கு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சர் கடைக்காரர்தான் பிறகு சொன்னார்.

அப்போது சென்னை சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாதி தூரம் தார், பாதி தூரம் ஜல்லி, நடுநடுவே மாற்றுப்பாதை. சித்தப்பா குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல ஓட்டினார். இருந்தும் தரையிலிருந்து ஒரு நடுக்கம் என் தொடை வழியாக ஏறிக்கொண்டே இருந்தது. மாவு மில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது போல. கூட்டேரிப்பட்டு எட்டுவதற்குள் கேக்கின் வெள்ளை ஐசிங்கில் முடி மாதிரி ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டு, ரோஜாப்பூவின் அடியில் நுழைந்தது.

"சித்தப்பா, கோடு வந்திடுச்சி!"

"எங்க?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் தார் முடிந்து ஜல்லி தொடங்கும் விளிம்பில் முன்சக்கரம் இறங்கியது. இரும்பில் சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எல்லோரும் இறங்கினோம். அரைச் சாண் ரப்பர், அதிலும் காற்று குறைவு. பள்ளத்தின் விளிம்பு ரப்பரை நசுக்கிக்கொண்டு நேரே ரிம்மையே தாக்கியிருந்தது. வெள்ளித் தாம்பாளத்தின் ஓரம் உள்ளே மடிந்திருந்தது. சித்தப்பா அதன் எதிரில் குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தார். அம்மா கிட்டே போய் நின்றாள். கேக்கைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். "தம்பி, கைல அடி ஒண்ணும் படலியே?" என்றுதான் கேட்டாள்.

பின்கதவில் தொங்கிய பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். மூன்று புது, ஒரு பழசு. வண்டியைப் பார்க்கவே பேஜாராக இருந்தது.

பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து மற்ற பழைய சக்கரங்களையும் மாட்டினார். கழற்றிய புதுச் சக்கரத்தைத் தூக்கும்போது முனகினார், கனம் அப்படி. பழையதை நானே உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில் சொன்ன அளவுப்படி காற்று நிரப்பப்பட்டது. மதியச் சோற்றுக்குக்கூட யாரும் உட்காரவில்லை. இரண்டாவது கேக் ஏறியது.

அதே சாலை. அதே ஜல்லி. வண்டி குலுங்கவே இல்லை என்று சொன்னால் பொய். மாற்றுப்பாதையில் திரும்பும்போது படகு மாதிரி ஆடியது. புதுச் சக்கரத்தில் அவ்வளவு ஆடியதில்லை. பள்ளம் வந்தால் தூக்கிப் போடத்தான் செய்தது. ஆனால் அந்த மாவு மில் நடுக்கம் இல்லை. சின்னச் சின்னக் கற்களை எல்லாம் டயரே விழுங்கிவிட்டது. என் தொடைக்கு எதுவும் வந்து சேரவில்லை. காலையில் சம்மட்டி விழுந்த அதே விளிம்பில் வண்டி இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணைத் திறந்து பார்த்தேன். கேக் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. ஒரு ரோஜா மட்டும் கொஞ்சம் தலை சாய்த்திருந்தது.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் சித்தப்பா, இந்தத் தடவை திரும்பாமல்.

"ஒண்ணும் ஆவல சித்தப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் எதிரே வந்த கரும்பு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் சித்தப்பா பெட்டிக்குள் தலையை விட்டு நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு அதே கேக்கோடு தனியாக இன்னொரு தடவை கூட்டேரிப்பட்டு போய்வந்தார். திரும்பி வந்து பெட்டியை அம்மா கையில் கொடுத்தார். "போன் போட்டுச் சொல்லிடுங்க அண்ணி. கேக்கு வரும்னு சொல்லுங்க. நான் ஓட்டிக்கினு வர்றேன்."

கல்யாணத்தன்று மூன்று பெட்டிகளோடும் நான் பின்பக்கத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா எனக்கு முன்னால் இருந்த சீட்டில், நல்ல நீலப் பட்டுப்புடவையில், ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி தாண்டும்போது மாலை மடியில் கிடந்தது, அவள் தூங்கிவிட்டிருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காதவள். அந்தச் சாலையில், அந்த வண்டியில் ஒருவர் தூங்க முடிந்தது என்பதைச் சித்தப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்பாவை முழங்கையால் இடித்தார்.

மண்டபத்தில் பெட்டிகளைத் திறந்தபோது கல்யாணப் பெண்ணின் அம்மா முன்னால் வந்து நின்றார். ஒவ்வொரு கேக்காகக் குனிந்து பார்த்தார். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெண்ணின் தங்கை ஓடி வந்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள, அம்மா பெரியதிலிருந்து சிறியது வரை ஒவ்வொன்றாக ஏற்றினாள். மேல் தட்டில் கடைசி கேக் உட்கார்ந்ததும் கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கேக் வெட்டுவதற்கு முன்பே கைதட்டல் வாங்கியவள் எனக்குத் தெரிந்து என் அம்மா ஒருத்திதான். அன்று மத்தியானத்துக்குள் ஒரு ஞானஸ்நானத்துக்கும் இன்னொரு கல்யாணத்துக்கும் கேக் சொல்லிவிட்டார்கள். அப்பா, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "நம்ம வீட்டுக்காரம்மா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"இவ்ளோ தூரம் எப்பிடிங்க ஒடையாம எடுத்துக்கினு வந்தீங்க?" என்று பெண்ணின் தங்கை கேட்டதற்குச் சித்தப்பா டயரைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். ரப்பரின் உயரம், காற்றின் அளவு, ரிம்மின் கனம் என்று ஒன்றும் விடவில்லை. எல்லாம் தாமே கண்டுபிடித்த மாதிரிதான் பேசினார். அம்மாவின் பெயரைச் சொல்லாததில் எனக்குக் கோபம். ஆனால் அந்தப் பெண்ணும் ஏதோ கதை கேட்பது போல அவ்வளவு நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டயரில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டை அன்றே எடுத்துவர முடியவில்லை. தாம் போய் எடுத்துவருவதாகச் சித்தப்பா சொன்னார். அடுத்த வாரம் விழுப்புரம் போய், பெரிய தட்டை மட்டும் கொண்டுவந்தார். மற்றதைக் கழுவிக் காய வைத்திருக்கிறார்களாம். அதற்கு அடுத்த வாரம் நடுத் தட்டு வந்தது. அதற்குப் பிறகு போனவர், வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று வெறும் கையோடு, ஆனால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கல்யாணப் பெண்ணின் அந்தத் தங்கையை நான் சித்தி என்று கூப்பிடும் நாள் வரப்போகிறது என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் ஒரே நடையில் ஏற்றிவர வேண்டிய சாமானை இவர் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுவருகிறார் என்பதுதான். அம்மாவிடம் புகார் சொன்னேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே, "விடு, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள். அம்மாவுக்கும் பொறுப்பில்லை என்று முடிவு செய்து, நானே வாசலுக்குப் போனேன். சித்தப்பா வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இன்னைக்காவது எல்லாத்தையும் ஒரே தபாவா வாங்கிக்கினு வந்திடுங்க. அவங்களுக்கும் தொந்தரவுதானே?" என்றேன்.

சித்தப்பா கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டே, மிகவும் பணிவாக, "செரிம்மா" என்றார்.