நடுமுள் முறிந்த பாரை

தலையைப் பிடித்துத் தூக்கினால் பிழியாத ஈரத்துணி போல வாலைத் தொங்கப் போட்டுவிடும் மீனின் அந்தக் குளிர்ந்த கொழகொழப்பு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டை பஸ் போகும் பாதையோரம் இருக்கிற எங்கள் ஊரில், மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் 'அ' எழுதப் பழகுவதற்கு முன்னரே பழகுவது இதைத்தான். வால் தொங்கினால் அது 'வெடிமீன்'. அறுத்துப் பார்த்தால் நடுமுள் முறிந்து, முள்ளைச் சுற்றி இரத்தம் கட்டிக் கிடக்கும். சட்டியில் போட்டால் சதை மாவாய்க் கரைந்துவிடும். டைனமைட் எறிந்து கொன்ற மீன் அது. வெளியூர் வள்ளங்கள் கொண்டுவந்து இறக்கும் வெடிமீனை எங்கள் ஊரில் வாங்குவார்கள், ஐஸ் பெட்டியில் அடுக்கித் தூர இடங்களுக்கு லொறியில் ஏற்றுவார்கள், ஆனால் தங்கள் குசினிக்குள் மட்டும் எடுக்கமாட்டார்கள். "அது விக்கிற மீன், தின்னுற மீன் இல்லை" என்பார் அம்மா, உலகத்தில் மீன் என்பதே இரண்டு சாதிதான் என்பது போல.

நான் சொல்வது சண்டை முடிந்து, கடலுக்குப் போகக் கூடாதென்ற தடைகளெல்லாம் எடுபட்ட காலத்தை. அத்தனை வருடமும் மனிதனுக்கு மறிக்கப்பட்டுக் கிடந்த கடலில் மீன் தன்பாட்டுக்குப் பெருகியிருந்தது. மனிதரைக் கொன்ற சண்டை மீனைக் காத்துவைத்திருந்தது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், நடந்தது அதுதான். தடை எடுபட்டதும், பசியோடு காத்திருந்தவர்கள் பந்தியில் விழுந்த மாதிரி எல்லா ஊர் வள்ளங்களும் கடலில் விழுந்தன. வலை கட்டுகிறவன் வலையோடு போனான், வலை கட்டப் பொறுமை இல்லாதவன் வெடியோடு போனான்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் படியும் மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே அந்தச் சத்தம் கேட்கும். நிலத்துக்கு அடியில் யாரோ உலக்கையால் ஒரு தரம் இடித்தது போல 'டும்' என்று வரும். நாங்கள் இருக்கும் வாங்கு மெல்ல அதிரும். முதல் முதல் கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் பழைய ஞாபகத்தில் மேசைக்குக் கீழே பூந்துவிட்டோம். எங்கள் ரீச்சர் கரும்பலகையை விட்டுத் திரும்பவேயில்லை. "அது மீனுக்கு, பிள்ளையள், உங்களுக்கு இல்லை. எழும்பி எழுதுங்கோ" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் எழுதிக்கொண்டேயிருந்தோம்.

எங்கள் கரைக்கு நேரே கடலுக்குள் பவளம் வளர்ந்து கிடந்த முருகைக்கல் திட்டை ஊரார் 'கல்லு' என்றுதான் சொல்வார்கள். மீன் ஒதுங்குவதும் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான் என்பது எல்லோருக்கும் தெரியும். வெடிச்சத்தம் கல்லுக்குக் கிட்டக் கேட்கத் தொடங்கியதும் மீனவர் சங்கத்து ஆட்கள் அம்மன் கோயில் முன்றலில் கூடினார்கள். அரசாங்கத்தில் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டத்துக்கு வள்ளம் இல்லை என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, தட்டில் கற்பூரம் கொளுத்தி, அதை வலக்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவதென்று முடிவாயிற்று. முதல் கை என் அப்பாவுடையது. சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்த அவரை ஊர் மதித்தது. "எங்கட கல்லிலை நான் வெடி போட்டால் இந்தக் கை விளங்காமல் போகட்டும்" என்று அவர் சொன்னபோது நான் பெருமையோடு பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபின் அவருடைய உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். கற்பூரமும் வலையின் பாசி நாற்றமும் கலந்த மணம்.

அதே மாதிரி, வடக்கே உள்ள அடுத்த ஊரிலும் தங்கள் கல்லில் வெடி போடுவதில்லை என்று தங்கள் கோயிலில் சத்தியம் பண்ணினார்கள். அந்தச் செய்தி வந்தபோது எங்களைப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்று எங்கள் ஊர் பூரித்துப்போனது. இரண்டு ஊரும் கடைசி வரைக்கும் சொன்ன சொல் தவறவேயில்லை. அவர்கள் வந்து எங்கள் கல்லில் வெடி போட்டார்கள். எங்கள் ஆட்கள் போய் அவர்களுடைய கல்லில் போட்டார்கள். ஒருவரும் பொய்ச் சத்தியம் செய்யவில்லை, ஆனால் இரண்டு கல்லும் செத்துக்கொண்டிருந்தன. கள்ளர்கள் அழித்திருந்தால் ஏசிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

அப்பா நெடுநாள் தாக்குப் பிடித்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். வெறும் வலையை இழுத்து வந்து, அதிலிருந்த சொறிமீனையும் பாசியையும் பேசாமல் உதறிக் காயப் போடுவார். பக்கத்து வள்ளங்கள் பாரைமீனாக இறக்குவதை அம்மா பார்ப்பார், பிறகு அப்பாவைப் பார்ப்பார், வாய் திறக்கமாட்டார். வாய் திறந்திருந்தால் சண்டையாவது வந்திருக்கும். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போகிறவர். அவர்தான், "அத்தான், நாங்கள் விட்டால் மட்டும் அது மிஞ்சப் போகுதே?" என்று சொல்லிச் சொல்லி உருவேற்றினார்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பாரைமீன் கறி. அன்றைக்கு ஐஸ் லொறி வரவில்லை, இறக்கிய மீன் வீட்டோடு நின்றுவிட்டது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். துண்டத்தைத் தொட்டதும் சதை விரலில் கரைந்தது. நடுமுள்ளை எடுத்தேன்; அது இரண்டாக முறிந்து, முறிந்த இடம் கறுத்திருந்தது. முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். "என்னத்தைப் பாக்கிறாய், தின்" என்றார் அம்மா. எதிரே இருந்த அப்பாவிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவராகத்தான், சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிராமல், "எங்கட கல்லிலை இல்லைப் பிள்ளை. வடக்குக் கல்லிலை" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் பிடிபட்ட பிள்ளையின் குரல் அது. நான் சாப்பிட்டேன். உப்பும் புளியும் சரியாகத்தான் இருந்தன.

அந்த வருடம் கடல் குழம்புவதற்கு முன்னர் ஒரு காலைநேரம், கணக்குப் பாடத்தின்போது வடக்கிலிருந்து 'டும்' என்று கேட்டது. நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். இடைவேளை மணி அடிக்க முன்னர் சின்ன மாமா உடுத்திருந்த சாரமெல்லாம் இரத்தமாகப் பள்ளிக்கூடப் படலையில் வந்து நின்று, என்னைக் கையால் கூப்பிட்டார். வெடியை எறிய முன்னரே அது கையிலேயே வெடித்துவிட்டது. அப்பாவுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் வள்ளத்து எஞ்சின் விசிறி வெட்டியதென்று சொன்னோம். விசிறி வெட்டினால் கை கருகாது என்பது வைத்தியருக்குத் தெரியாதா? ஊர் முழுக்க அந்தப் பொய்யை ஒரே வாயாகக் காப்பாற்றியது, தங்களுக்குள் மட்டும் வேறு கதை கதைத்தது. "அம்மன் கேட்டு வாங்கிப்போட்டா" என்று கிணற்றடியில் ஒருத்தி சொல்ல, அம்மா வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். "அவர் சொன்ன சொல் தவறேல்லை! எங்கட கல்லிலையே போட்டவர்? சொல்லடி!" என்று கத்தினார். அது உண்மைதான்.

இப்போது நான் பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன விடுமுறையில், சுற்றுலா வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்குக் கொடுக்கும், கடலுக்கடியில் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் கல்லுக்கு நீந்திப் போய்க் குனிந்து பார்த்தேன். பீங்கான் கோப்பைகளைக் கொட்டி உடைத்த மாதிரி வெள்ளைத் துண்டுகள் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தன, மேலே பாசி. பாரை இல்லை, கலவாய் இல்லை, கிளிமீன் இல்லை. விரல் நீளத்தில் ஒரு மீன் வந்து என்னைப் பார்த்துவிட்டு, ஒளிக்க இடம் தேடி அலைந்தது. பொடியன்கள் இப்போது கிழமைக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறார்கள். அம்மா சந்தையில் வாங்கும் மீன் எந்தக் கடலில் பிடிபட்டதென்று விற்கிறவனுக்கே தெரியாது. ஆனாலும் அவர் தலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

நான் நின்ற அந்த விடுமுறையிலேயே சங்கத்துப் புதுத் தலைமுறை மறுபடியும் கோயில் முன்றலில் கூடியது. மிஞ்சியதையாவது காக்க வேண்டுமாம், திரும்பவும் கற்பூரச் சத்தியமாம். மூத்தவர் என்று அப்பாவையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். நான் கூடப் போனேன். பூசாரி கற்பூரத்தைக் கொளுத்த, தலைவராக இருந்த பொடியன், "எங்கட கல்லிலை" என்று தொடங்கினான்.

"பொறு தம்பி" என்றார் அப்பா. "வடக்குக் கல்லையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அவன் மரியாதையாகச் சிரித்தான். "அது அவங்கட கல்லெல்லோ பெரியப்பா. அதை அவங்கள் பாத்துக்கொள்ளட்டும்."

ஒருவர் அணைக்க, பூசாரி அடுத்தவருக்குக் கொளுத்திக் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து வலக்கையால் அடித்து அணைத்துவிட்டுப் போனார்கள். அப்பா தன் மொட்டைக் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் முடிக்கும் வரைக்கும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.