நெட்டையின் மூன்றாவது பட்டை

நெட்டைக்கும் எனக்கும் அறுபது வருஷப் பழக்கம். அதில் ஐம்பத்தொன்பது வருஷம் அவனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. மீதி ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்பு. அப்போது எனக்கு அவ்வளவு விவரம் போதாது.

பள்ளிக்கூடத்தில் எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது யார் செய்த சதியோ! அவன் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை மறைந்துவிடும். நான் எழுந்து நின்றால், "எந்திரிச்சு நில்லுடா" என்று வாத்தியார் மறுபடியும் சொல்வார். அவனுக்கு நெட்டை, எனக்கு அரைப்படி என்று பேர் விழுந்தது. ஓட்டம், கணக்கு, கையெழுத்து எல்லாவற்றிலும் அவன்தான் முதல். தொலையட்டும் என்று விட்டால், என்னைப் பெற்றவளே சோறு போடும்போதெல்லாம், "அவனும் உன் வயசுதானே, எப்படி இருக்கான் பாரு" என்பாள். அவனுக்குக் கொஞ்சம் திமிராவது இருந்திருக்கலாம். நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஆளெடுக்கிறார்கள் என்று இரண்டு பேரும் போய், சட்டையைக் கழற்றிவிட்டு மைதானத்தில் நின்றோம். மூச்சை இழுத்தால் மார்பு முப்பத்திரண்டு இஞ்சு வர வேண்டும். நெட்டைக்கு இழுக்காமலே முப்பத்தெட்டு. நான் கண் பிதுங்க இழுத்தேன். முப்பத்தொன்று. "விடாதடா, இன்னும் இழு!" என்று நெட்டை பக்கத்தில் நின்று தானும் கன்னத்தை உப்பிக்கொண்டு முக்கினான். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்து, இருந்த மூச்சும் போயிற்று. அவன் வேண்டுமென்றேதான் செய்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் சில நாள் நினைப்பதுண்டு.

என் அப்பா தையற்காரர். எனக்கும் அந்த வேலை தெரியும். அடுத்த வருஷம் அதே பட்டாளத்துக்குத் தையற்காரனாகப் போய்ச் சேர்ந்தேன். அவனுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள், எனக்குக் கத்தரிக்கோல். அவன் எங்கேயோ, நான் எங்கேயோ. எட்டு வருஷம் அவன் முகத்தைப் பார்க்காமல் கழிந்தது. நன்றாகத்தான் கழிந்தது.

ஒரு நாள் காலை, தையற்கூடத்தில் சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வாசல் நிலையில் யாரோ தலையை இடித்துக்கொண்டு, "அம்மா!" என்றான். நிமிர்ந்தால் நெட்டை.

"டேய் அரைப்படி! இங்கயாடா இருக்க?" என்று என்னை மெஷினோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். "முந்தாநாள்தான் இந்த முகாமுக்கு மாத்தினாங்க. நாளைக்கு அணிவகுப்புல எனக்கு மூணாவது பட்டை. இந்தச் சட்டையில நீயே தைச்சுக் குடு. எப்படி அமைஞ்சிருக்கு பாத்தியா!"

சட்டைக் கையில் மூன்று பட்டை என்றால் பதவி உயர்வு, முப்பது பேர் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். எட்டு வருஷமாக ஊரார் கைக்கெல்லாம் பட்டை தைத்தவன் நான். என் கையில் ஒரு இழைகூடக் கிடையாது. எனக்குக் காதில் புகை வந்தது.

தையற்காரர்கள் அளவு பார்க்கக் கையால் நீளநீளமாக ஒரு தையல் ஓட்டுவோம். மெஷினில் அடித்த பிறகு அதை உருவிப் போட்டுவிடுவோம். நுனியைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பட்டையில் நான் அந்தத் தையலோடு நிறுத்திக்கொண்டேன். முடிச்சுக்கூடப் போடவில்லை. மேலே தேய்ப்புப்பெட்டியை வைத்து அழுத்தினேன். பட்டை ஜம்மென்று உட்கார்ந்தது. கை நடுங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி எதிரே வந்து நின்றார். நெட்டை விறைப்பாக சல்யூட் அடித்தான். பட்டை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான்.

"யாருய்யா இதத் தைச்சது?" அதிகாரி போட்ட சத்தம் ஜன்னல் வரை கேட்டது. என் வேலைக்கே உலை வைத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் சார். நானே தைச்சுக்கிட்டேன்" என்றான் நெட்டை.

அவனுடைய பதவி உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. பதினைந்து நாள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். முதல் நாள் ஓடி முடித்து, வேர்வை சொட்டச் சொட்ட என்னைத் தேடி வந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"உன் பேரச் சொன்னா உன் வேலை போயிடும்ல? விடு. நூல் சரியில்ல."

"ஆமாமா, மட்டமான நூல்."

நம்பிவிட்டான். அவ்வளவு பெரிய கெட்டிக்காரனை நான் ஏமாற்றிவிட்டேன். அசிங்கமான ஜெயம்தான். ஆனால் அவனிடம் ஜெயித்ததாக என் கையில் வேறு எதுவும் இல்லையே! நாற்பது வருஷம் அதை உள்ளுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன மாதம் நெட்டை, பட்டாளத்திலிருந்து வந்தபின் நான் ஊரில் போட்ட தையற்கடைக்கு வந்தான். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று என் மனைவி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எனக்கு ஒரு நாள் துடைத்துப் போட்டிருப்பாளா? வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து ஆள் பாதியாகிவிட்டான். அந்தப் பழைய சட்டையைப் பையிலிருந்து எடுத்தான்.

"பழைய பட்டாளத்து ஆளுங்க எல்லாம் கூடுறோம்டா. இதப் போட்டா கோணிக்குள்ள புகுந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடு. பட்டையும் விட்டுப்போச்சு."

மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன். முப்பத்தொன்று. என்னைத் திருப்பி அனுப்பிய அதே முப்பத்தொன்று. இதற்குத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன்? துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? டேப்பை இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தேன்.

"எவ்வளவுங்க?" என்றாள் மனைவி, அளவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு.

"முப்பத்தெட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்படியே எழுதிக்கொண்டாள். நெட்டை சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, பட்டையை என் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தத் தடவையாவது மெஷின்ல அடிடா, அரைப்படி. முடிச்சும் போடு."

முடிச்சு போடாதது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாற்பது வருஷம்! என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான், என் பெண் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறான், ஒரு நாள் முகத்தில் காட்டியதில்லை. நான் ஒரு பேச்சை ஒரு மணி நேரம் வயிற்றில் வைத்திருக்க மாட்டேன். இதிலும் இவன்தான் முதல்.

"பாவி" என்றேன். "எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழமை."

நோட்டில் இருப்பதை விட்டுவிட்டு, சட்டையை முப்பத்தொன்றுக்குப் பிடித்தேன். பட்டையைச் சுற்றி நாலு தரம் மெஷின் ஓட்டினேன். இனி சட்டை கிழிந்தாலும் அது வராது. வெள்ளிக்கிழமை வந்து போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். அந்த உடம்பிலும் பயலுக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் பத்து வருஷமாவது எரியட்டும்.